வெயிலும் காற்றும் வீட்டு விளக்கும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்கு ஏறிய முற்பகல் வேளையிலே, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவிகளைத் தீண்டியதால் விளைந்த கோளாறு, சிறிது நேரத்துள் இலங்கை முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கிவிட்டது. அன்று பல ஊர்களிலே விந்தையான ஒரு நிலை காணப்பட்டது. கூரை நிறையச் சூரியத் தகடுகளைப் பதித்த வீடுகளிலும் மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்தது. தலைக்கு மேலே வெயில் எறித்துக்கொண்டிருந்தது; தகடுகளும் பழுதின்றி இருந்தன; ஆயினும் வீட்டினுள்ளே மின்சாரம் இல்லை. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்த 2022 ஆம் ஆண்டிலும், மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, அத்தகைய வீடுகள் பலவும் அயலாரோடு சேர்ந்தே இருளில் இருந்தன.

வெயிலை மின்சாரமாக்கும் கருவி கூரையில் இருக்க, வீடு ஏன் இருளவேண்டும்? இந்த வினாவுக்கு விடை காண்பவர்கள், ஞாயிற்றையும் காற்றையும் கொண்டு ஒரு வீட்டை நடத்துவதற்கு வேண்டிய அடிப்படை அறிவு முழுவதையும் பெற்றுவிடுவர். இக்காலத்தில் கடன்பட்டும் நகையை அடகுவைத்தும் இக்கருவிகளை வாங்குவோர் பலர். ஆதலால், இவ்வறிவு குடும்பத்தின் பொருளோடு தொடர்புடைய அறிவுமாகும்.

வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் எண்ணம் புதியதன்று. 1887 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த யேம்ஸ் பிளைத் என்னும் பேராசிரியர், மேரிகேர்க் என்ற கிராமத்திலிருந்த தமது விடுமுறை வீட்டின் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாடி ஒன்றை நிறுவி, அதன் மின்சாரத்தால் வீட்டுக்கு விளக்கேற்றினார். மிகுந்த மின்சாரத்தைக் கிராமத் தெருவுக்கு வழங்க அவர் முன்வந்தபோது, இது பேயின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டனர் என்பர். அடுத்த ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே சாள்ஸ் பிறஷ் என்பவர் தமது மாளிகையின் பின்புறத்தில் 17 மீற்றர் விட்டமும் 144 மரத்தகடுகளும் கொண்ட பெருஞ் சக்கரம் ஒன்றை அமைத்தார். அது 12 கிலோவாற்று வலுவுடையது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வீட்டுக்கு உதவியது.

இவ்விரு வரலாறுகளிலும் எளிதிற் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு செய்தி உண்டு. பிளைத்து தமது காற்றாடியை நேரே விளக்கோடு இணைக்கவில்லை. சேமிப்பு மின்கலங்களை நிரப்பி, அவற்றிலிருந்தே விளக்கை எரித்தார். பிறஷின் மாளிகை நிலவறையிலே 408 மின்கலங்கள் அணியணியாக வைக்கப்பட்டிருந்தன. காற்று, வேண்டியபோது வீசுவதில்லை என்பதை அவ்விருவரும் முதல் நாளிலேயே உணர்ந்திருந்தனர். வானத்திலிருந்து வரும் சக்தி இலவசம். அதனை வேண்டிய நேரம் வரை காத்துவைப்பதற்கே விலை கொடுக்கவேண்டும். இப்பொருள் பற்றிய உண்மைகளுள் தலையாயது இதுவே.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோர்க்குச் சூரியத் தகட்டின் இயல்பு தெரிதல் வேண்டும். சிலிக்கன் என்னும் மூலகத்தின் மெல்லிய வில்லைகளைக் கண்ணாடியின் கீழே வரிசையாக அடுக்கி, உலோகக் கீற்றுகளால் இணைத்த பலகையே சூரியத் தகடு. வில்லையின் மீது ஒளி படும்போது அதனுள்ளிருக்கும் இலத்திரன்கள் விடுபட்டு ஒரு திசையாக ஓடுகின்றன, அவ்வோட்டமே மின்சாரம். அசையும் உறுப்பு எதுவும் இல்லை, ஒலி இல்லை, புகை இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலகறியக் காட்டிய சிலிக்கன் கலம், தன்மீது விழும் ஒளிச்சக்தியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்று கடைகளிற் கிடைக்கும் தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றவல்லவை.

தெளிந்த வானத்து நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது விழும் வெயிலின் வலு ஏறத்தாழ 1000 வாற்று. இரண்டு சதுர மீற்றர்ப் பரப்புள்ள தகடொன்று அவ்வேளையில் 400 வாற்று அளவு தரும். காலையிலும் மாலையிலும் இது குறையும், இரவிலே ஒன்றுமில்லை. ஆகவே ஒரு கிலோவாற்றுத் தகடுகளைப் பதித்த வீடு, இலங்கையின் பெரும்பாலான இடங்களில், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு அலகு மின்சாரம் பெறலாம். மழைக்கார் சூழ்ந்த நாளில் இதில் ஐந்திலொரு பங்கு கிடைப்பதும் அரிதாகலாம்.

தகட்டுக்குப் பகை இரண்டு. ஒன்று நிழல், மற்றது வெப்பம். வில்லைகள் சங்கிலிபோலத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் தென்னோலை நிழலும், குழாயின் ஓரிடத்தை நெரித்தாற்போல, அத்தொடரின் ஓட்டத்தைக் குறைத்துவிடும். வெயில் வேண்டும் என்பதற்காக வெப்பமும் நன்று என்று எண்ணுதல் தவறு. தகடு சூடேற ஏற அதன் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறையும். எனவே கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்று உலாவ இடைவெளி விடுதல் வேண்டும். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, அதற்கு அணித்தாக இருப்பதால், தகடுகளைத் தெற்கு நோக்கிச் சற்றே சரித்துப் பதிப்பது பொருந்தும். அச்சரிவு மழைநீர் வழிந்தோடித் தூசியைக் கழுவவும் உதவும்.

இனிக் காற்று. காற்றாடியின் கணக்கு, தகட்டின் கணக்கினும் கடுமையானது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள வலு எண்மடங்காகும்; வேகம் பாதியானால் வலு எட்டிலொன்றாகச் சுருங்கும். மேலும், வீசும் காற்றின் வலுவில் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எச்சக்கரத்தாலும் எடுக்க இயலாது என்று ஜேர்மனிய அறிஞர் அல்பேட் பெற்ஸ் கணித்துக் காட்டினார். வீட்டுக்குரிய சிறு காற்றாடிகள் அதில் ஏறத்தாழப் பாதியையே நடைமுறையில் எய்துகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். இரண்டு மீற்றர் விட்டமுள்ள காற்றாடி, செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசும் கடுங்காற்றில் 500 வாற்றுக்கு மேல் தரும். அதே காற்றாடி, 5 மீற்றர் வேகமுள்ள மிதமான காற்றில் 70 வாற்று அளவே தரும். இரண்டரை மீற்றர் வேகமுள்ள மெல்லிய தென்றலிலோ அது பெரும்பாலும் சுழலவே மறுத்து நிற்கும். விற்பனையாளர் பட்டியலில் அச்சிடப்படும் வலு, கடுங்காற்றில் கிடைக்கும் வலுவாகும். ஆண்டு முழுவதும் தன் வளவில் வீசும் காற்றின் சராசரி வேகத்தை அறியாமல் அப்பட்டியலை நம்பிப் பணங்கொடுப்பவர் பின்னர் வருந்த நேரும்.

காற்றாடிக்கு உயரம் இன்றியமையாதது. மரத்தாலும் கட்டடத்தாலும் தடைப்பட்ட காற்று குழம்பிச் சுழிக்கும். அக்குழப்பத்திலே சக்கரம் திசை தடுமாறித் தேய்ந்து கெடும். சுற்றிலும் நூறு மீற்றர் தூரத்துக்குள் நிற்கும் பனை, தென்னை, கட்டடம் ஆகியவற்றிலும் பத்து மீற்றர் உயரமாகச் சக்கரம் அமைதல் வேண்டும் என்பது அனுபவத்தால் வந்த விதி. வீட்டுச் சுவரிலும் கூரையிலும் பொருத்திய சிறு காற்றாடிகளை இங்கிலாந்திலே 2007 முதல் 2009 வரை அளந்து பார்த்தபோது, நகர்ப்புறங்களில் அவற்றின் விளைச்சல் மிகச் சொற்பம் என்பது வெளியாயிற்று. எனவே தோப்புக்கு நடுவிலுள்ள வீட்டுக்கும், நெருங்கிய நகரத்து வீட்டுக்கும் காற்றாடி பொருந்தாது. கடலை அடுத்த திறந்த வெளிகளுக்கும், காற்று வாய்ந்த மேட்டு நிலங்களுக்குமே அது உரியது.

அங்ஙனம் பொருந்திய இடங்களில், வெயிலும் காற்றும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் இயல்புடையன. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் மன்னாரையும் சார்ந்த கரையோரங்களை நோக்குக. வைகாசி முதல் ஆவணி கடந்தும் சோளகம் இரவு பகலாக வீசும். கார்த்திகை, மார்கழியில் முகில் வெயிலை மறைக்கும். அப்பொழுது வாடை எழும். பங்குனி, சித்திரையிலே காற்று அடங்கும்; ஆனால் வெயில் உச்சமாக இருக்கும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டு இறுதியில் திறந்துவைக்கப்பட்ட, நூறு மெகாவாற்றளவான காற்று மின்நிலையம் அப்பகுதியின் காற்றுவளத்துக்குச் சான்று. எனினும் காற்றும் ஓய்ந்து வானமும் மூடும் நாள்கள் ஐப்பசியில் வருவதுண்டு. அந்நாளுக்கும் வீடு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

ஆயத்தம் என்பது சேமிப்பு. பழைய ஈய அமில மின்கலங்கள் விலை குறைந்தவை. ஆயின் கொள்ளளவில் பாதிக்கு மேல் நாள்தோறும் வெறுமையாக்கினால் அவற்றின் ஆயுள் விரைவிற் குன்றும். நிரப்பும்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின், அவற்றைக் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் படுக்கையறைக்கும் தொலைவாக வைத்தல் வேண்டும். இலிதியம் வகை மின்கலங்கள் விலை கூடியவை. ஆனால் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். பல ஆண்டு உழைக்கும். எவ்வகையாயினும், தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்குங் காலத்தில் மின்கலத்தை ஒருமுறையாவது மாற்ற நேரும். இச்செலவை முதலிலேயே கணக்கிற் சேர்ப்பது விவேகம்.

எத்துணைச் சேமிப்பு வேண்டும் என்பதைக் கடைக்காரர் கூறுதற்கு முன்னர் வீட்டுக்காரர் தாமே கணித்தல் நன்று. ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 8 வாற்று மின்குமிழ் ஆறு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 240 வாற்று மணி. 50 வாற்று மின்விசிறி இரண்டு, எட்டு மணித்தியாலம் சுழன்றால் 800. சிக்கனமான குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000. தொலைக்காட்சி நான்கு மணித்தியாலத்துக்கு 240. கிணற்றிலிருந்து நீரிறைக்கும் ஒரு குதிரைவலு மோட்டார் அரை மணித்தியாலத்துக்கு 375. கைத்தொலைபேசிகளுக்கு 45. கூட்டினால் 2700, அதாவது 2.7 அலகு. அந்த ஆறு மின்குமிழ்களும் பழைய 60 வாற்று இழைக்குமிழ்களாக இருப்பின், விளக்குக்கு மட்டுமே 1.8 அலகு செலவாகும். புதிய தகடு வாங்குவதிலும் பழைய குமிழைக் கழற்றுவது மலிவு என்பதை இக்கணக்குத் தெளிவாக்குகிறது.

மின்கலத்தை நிரப்புவதிலும், அதன் நேரோட்டத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற ஆடலோட்டமாக மாற்றுவதிலும் ஒரு பங்கு இழப்பு நேரும். ஆதலால் 2.7 அலகு செலவிடும் வீட்டுக்கு ஒரு கிலோவாற்றுத் தகடுகள் சராசரி நாளுக்கு மட்டுமட்டாகவே போதும். மூடிய நாள்களையும் நினைந்து ஒன்றரைக் கிலோவாற்றுப் பதித்தல் தகும்.

மேலே சொன்ன பட்டியலில் இன்றியமையாதவை எவை, வசதிக்கானவை எவை என்று பிரித்தால் வேறோர் உண்மை புலப்படும். விளக்கு, விசிறி, தொலைபேசி என்பவற்றுக்கு வேண்டியது 1.1 அலகு மட்டுமே. அடுத்த நாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், புழுக்கத்தில் உறங்கமுடியாத முதியவருக்கும் இது போதும். இதற்கு ஒன்றரைக் கிலோவாற்று மணி கொள்ளத்தக்க இலிதியம் மின்கலம் ஒன்றே ஓரிரவுக்கு அமையும். நீரிறைக்கும் மோட்டாரையோ இரவில் ஓட்டவேண்டுவதில்லை. நண்பகல் வெயிலில் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டால், தொட்டியிலேறிய தண்ணீரும் ஒருவகைச் சேமிப்பே. மின்னழுத்தி, சலவை இயந்திரம் ஆகியவற்றையும் பகலுக்கு மாற்றும் குடும்பம் பாதி மின்கலத்தின் விலையை மிச்சப்படுத்திவிடும். மோட்டார் தொடங்கும் கணத்தில் தன் வழக்கமான ஓட்டத்தினும் பலமடங்கு இழுக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஓட்டமாற்றியை அதற்கேற்ற வலுவுடையதாகத் தெரிதல் வேண்டும்.

இக்கணக்கு ஊர் முழுவதற்கும் பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுகள் காட்டுகின்றன. நாட்டின் மின்வலையோடு இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தன. கடல் கொந்தளித்து எரிபொருட் படகு தாமதித்தால் விளக்கும் தாமதிக்கும். எழுவைதீவிலே வெயில், காற்று, மின்கலம், டீசல் என்னும் நான்கையும் இணைத்த சிறு கலப்பு மின்நிலையம் முன்னரே அமைக்கப்பட்டது. ஏனைய மூன்று தீவுகளுக்கும் இந்தியாவின் நன்கொடையோடு கலப்பு மின்நிலையங்கள் அமைக்க 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்தின் அளவுகள் கருதத்தக்கவை: வெயிலால் 1700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று, மின்கலங்களில் 2400 கிலோவாற்று மணி, இவற்றோடு 2500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள் காப்பாக. வெயிலும் காற்றும் சேர்ந்த மொத்தத்தினும் காப்பு இயந்திரம் பெரிது. வல்லுநரே இங்ஙனம் திட்டமிடுவராயின், தனிவீட்டுக்காரர் தகடு ஒன்றையே நம்பி இருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இப்பொழுது முதலில் எழுந்த வினாவுக்கு வரலாம். இலங்கையின் கூரைத் தகடுகளில் மிகப் பல, மின்கலம் இன்றிப் பொது மின்வலையோடு இணைக்கப்பட்டவை. பகலில் மிகுவதை வலைக்குக் கொடுத்து, இரவில் வேண்டியதை வலையிலிருந்து பெறும் இம்முறை, 2016 ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் பின்னர் விரைந்து பரவியது. செலவு குறைந்த நல்ல முறையே அது. ஆனால் அதிலுள்ள ஓட்டமாற்றி, வலையின் மின்துடிப்பைப் பார்த்தே தானும் துடிக்கும். வலை நின்றால் அதுவும் தானே நின்றுவிடும். இது குறையன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்ட காவல். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின்மீது, ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போகும். அவ்வுயிரைக் காப்பதற்காகவே வீடு இருள்கிறது.

மின்கலமும், வலை அறுந்தவுடன் வீட்டைத் தனியே பிரித்துவிடும் ஆளியும், அதற்குரிய கலப்பு ஓட்டமாற்றியும் உள்ள வீடு அந்நேரத்தில் இருளாது. வலையைத் துண்டித்துத் தன் சேமிப்பிலிருந்து தானே நடக்கும். தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு, புவித்தொடுப்பும் இடிதாங்கியும் முறையாக அமைத்தே இதனைச் செய்தல் வேண்டும். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று அரிக்காத ஆணிகளும் சட்டங்களும், காற்றாடிக் கம்பத்துக்குப் புயலைத் தாங்கும் இழுகயிறுகளும் அவசியமாகும்.

பொது மின்வலைக்கும் களஞ்சியம் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. வலையிலே ஆக்கப்படும் மின்சாரம் அந்தக் கணமே செலவாதல் வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வலை தளம்பும். தொழிற்சாலைகள் மூடிய ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தேவை குறைவு. கூரைகளின் விளைச்சலோ மிகுதி. 2025 பெப்ரவரியில் ஒரு சிறு கோளாறு நாடெங்கும் பரவியதற்கு இச்சமனின்மையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பிற்பகல் மூன்று மணி வரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. வெயில் மிகுந்திருந்தும் அதனை வீணே விடவேண்டியதாயிற்று. வீட்டுக்குள்ள இடரும் நாட்டுக்குள்ள இடரும் இங்கே ஒன்றாகின்றன: விளைச்சல் உண்டு, வைத்திருக்கக் களஞ்சியம் இல்லை.

ஆகவே இத்துறையில் இறங்க எண்ணும் குடும்பம் ஒழுங்கொன்றைக் கைக்கொள்ளலாம். ஒரு மாத மின்பட்டியலை எடுத்து, எக்கருவி எவ்வளவு செலவிடுகிறது என்று எழுதுதல் முதற்படி. வீண் செலவைக் குறைத்தல் இரண்டாவது. பகலுக்கு மாற்றக்கூடிய வேலைகளை மாற்றுதல் மூன்றாவது. இரவிலும் இடரிலும் தவிர்க்கமுடியாத தேவைக்கேற்ற மின்கலத்தைத் தீர்மானித்தல் நான்காவது. அதன் பின்னரே கூரையில் எத்தனை தகடு, வளவில் காற்றாடி பொருந்துமா என்ற கேள்விகள் எழவேண்டும். பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாகத் தொடங்குவதாலேயே பணமும் இழந்து விளக்கும் இழக்கின்றனர்.

உழவர் இதனை நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். மாரியில் விளைந்த நெல்லைக் கோடைக்கென்று பட்டறையிற் கட்டிவைத்தனர். மழைநீரைக் குளத்திலே தேக்கினர். விளைச்சலைப் பெருக்குவதோடு, அளந்துண்பதும் எடுத்துவைப்பதும் குடும்பத்தின் கடமை என்று அவர்கள் கொண்டனர். வெயிலும் காற்றும் இன்று புதிய விளைபொருள்களாக வீடு தேடி வருகின்றன. அவற்றையும் நெல்லைப்போல் அளந்து காத்துவைக்கும் வீட்டிலே, ஊரெங்கும் மின்சாரம் நின்ற இரவிலும் பிள்ளையின் புத்தகத்துக்கு மேலே ஒரு விளக்கு எரியும்.